மூக்குக்கு எட்டாத வாடை

ஆக்-தால் கிராமத்தில் சைராகுலுக்கு வாய்த்த மூக்கு வேறு யாருக்கும் வாய்க்கவில்லை. பார்வைக்கு ஒன்றும் விசேஷமில்லை. தலாஸ் பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் இருக்கிற சப்பை மூக்குதான். ஆனால் ஐம்பது கிலோ மூட்டையின் வாயை அவிழ்த்து, முகத்தை உள்ளே விட்டு ஒரு இழுப்பு இழுத்தாளானால், "அடியில ஈரம் இருக்கு, கொண்டுபோய் வெயில்ல கொட்டு" என்பாள். கொட்டிப் பார்த்தால் அடியில் ஒரு பிடிப் பயறு பூஞ்சை பிடித்திருக்கும். எலி வந்து போன மூட்டை, டீசல் கேனுக்குப் பக்கத்தில் படுத்த மூட்டை, போன வருஷப் பயறைக் கலந்து ஏமாற்றப் பார்த்த மூட்டை எல்லாம் அவளிடம் வசமாக மாட்டிக்கொள்ளும்.

"அக்கா, என் புருஷன் நேத்து எங்க போயிட்டு வந்தான்னு கொஞ்சம் மோந்து சொல்லேன்," என்று பயறு பொறுக்கும் பெண்கள் சீண்டுவார்கள்.

"அதுக்கு மூக்கு எதுக்குடி? ஊர்ல பாதிப் பேருக்குத் தெரியும், கேட்டுக்க," என்பாள்.

அறுபத்திரண்டு குடும்பங்கள் சேர்ந்து சங்கம் வைத்துக் கிடங்கு கட்டியபோது, சாவி யாரிடம் இருப்பது என்று பேச்சே எழவில்லை. சங்கத் தலைவர் எசென்பெக் நேராக அவள் வீட்டுக்கு வந்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அன்று முதல் அது அவள் இடுப்பில்தான் தொங்கியது. குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டாள் என்று ஊரில் சொல்வார்கள். அதில் பாதி உண்மை.

பயறு என்றால் பீன்ஸ் பயறு. வெள்ளை, சிவப்பு, புள்ளி போட்டது. பள்ளத்தாக்கு முழுக்க அதைத்தான் விதைக்கிறார்கள், ஒருத்தரும் அதைத் தின்பதில்லை. ஆட்டுக்கறி தின்று வளர்ந்த வயிற்றுக்குள் பயறு எப்படி இறங்கும்? மே மாதம் விதைத்து, செப்டம்பரில் பிடுங்கி, டிராக்டர் ஏற்றிப் போரடித்து, குளிர்காலம் பூராவும் உட்கார்ந்து உடைசல், சுருங்கல், கல் எல்லாம் பொறுக்கிக் கடைசியில் துருக்கி வியாபாரி ஹாலித்திடம் கொடுத்துவிடுவார்கள். அவர் வைத்ததுதான் விலை. "இதையும் காசு குடுத்து வாங்கித் தின்கிறானே, எந்தப் பாவியோ," என்று பெண்கள் அந்தத் தெரியாத மனிதனுக்காகப் பரிதாபப்படுவார்கள்.

சைராகுல் பிறந்த காலத்தில் பயறு கிடையாது, கூட்டுப்பண்ணை ஆடுகள்தான். அவளுக்குக் கல்யாணமான வருஷம் பண்ணை கலைந்தது. இரண்டே குளிர்காலத்தில் அத்தனை ஆடும் காணாமல் போயின. புருஷன் துருஸ்பெக் மேய்ப்பன் மகன். ஆடு இல்லாத மேய்ப்பன் என்ன செய்வான்? கொஞ்ச நாள் பயறு விதைத்துப் பார்த்தான், கைக்கும் வாய்க்கும் சரியாக இருந்தது. பிறகு மாஸ்கோவுக்குக் கட்டட வேலைக்குப் போனான். நாலு வருஷம் பணம் வந்தது. ஐந்தாம் வருஷம் அவனே வந்தான், தகரப் பெட்டிக்குள். ஒன்பதாவது மாடியிலிருந்து விழுந்தானாம். பெட்டியைத் திறக்கக் கூடாது என்று காகிதத்தில் எழுதி ஒட்டியிருந்தது. திறக்காமலே புதைத்தார்கள். உள்ளே இருந்தது அவன்தானா என்று அவளுக்கு இன்றுவரை நிச்சயமில்லை. அதற்காக அவள் வியாழக்கிழமையை விட்டதில்லை. வாராவாரம் எண்ணெய் காயவைத்துப் போர்சோக் என்கிற மாவுத் துண்டுகளைப் பொரிப்பாள். செத்தவர்கள் அந்த எண்ணெய் வாடையை மோந்துதான் பசியாறுவார்கள். அவனாகவே இருந்தால் அவனுக்கு. வேறு எவனாவது என்றால் அந்த அநாதைக்குத்தான் போகட்டுமே.

மகன் ஏர்மெக்குக்கு அப்போது ஒன்பது வயது. இப்போது இருபத்து மூன்று. வாயாடி. வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டால் அதை எப்படியாவது சிரிப்பாக்கிவிடுவான், அப்படி ஒரு பிறவி. அவனோடு படித்த பையன்கள் எல்லாம் மாஸ்கோ போய்விட்டார்கள், தினம் போன் போட்டு வா வா என்கிறார்கள். செப்டம்பரில் பயறு பிடுங்கும்போது அவன் அம்மாவிடம் ஒரு பேரம் பேசினான்.

"அம்மா, எசென்பெக் அண்ணன் ஜெர்மன்காரனோட பேசி முடிச்சிட்டாராம். ஹாலித் கையில குடுக்காம நேரா நம்மளே அனுப்பப் போறோம். மொத லாரி நல்லபடியா போய்ச் சேந்துட்டா அஞ்சு வருஷத்துக்கு எழுதிக் குடுக்கறானாம். அது வந்துட்டா நான் எங்கயும் போகல. அந்த ஓட்ட டிராக்டரச் சரி பண்ணி இங்கயே ஓட்டறேன்."

"வரலன்னா?"

"வரலன்னா பனி உருகறதுக்குள்ள கெளம்பிருவேன். நீ அழக் கூடாது. சரியா?"

சரி என்றாள். வேறு என்ன சொல்வாள்? அன்றையிலிருந்து அந்த லாரிதான் அவளுக்கு மகன், மகன்தான் லாரி.

ஜெர்மன்காரனுடைய நிபந்தனைகளைப் படித்துச் சொன்னவள் பெர்மெத். அந்த ஊரிலேயே பிறந்து, தலைநகரில் விவசாயம் படித்துவிட்டுச் சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்த பெண். பூச்சிமருந்து கூடாது, எலிமருந்து கூடாது, கிடங்குக்குள் நாய் பூனை கூடாது, எண்ணெய், சோப்பு, டீசல் எதுவும் கூடாது, பயறு எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும், அதனால் ஒரு வாடையும் ஆகாது. இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கதவில் சிகரெட்டின் குறுக்கே சிவப்புக் கோடு போட்ட படம் ஒன்றை ஒட்டினாள்.

சைராகுலுக்கு அந்தப் படம் போதவில்லை. கிடங்கிலிருந்து ஐம்பது அடி தள்ளிச் சிகரெட் பிடித்த ஒரு டிரைவரைத் துடைப்பத்தோடு துரத்தினாள். பொறுக்க வரும் பெண்கள் மத்தியானச் சாப்பாட்டை உள்ளே கொண்டு வரக்கூடாது என்றாள். ஒருநாள் ரோசா பூண்டு தின்றுவிட்டு வந்தாள் என்று வாசலிலேயே நிறுத்தி, பனியை அள்ளி வாய் கொப்பளிக்க வைத்தாள்.

"ஜெர்மன்காரன் என் வாயையா மோந்து பாக்கப் போறான்?" என்று ரோசா கத்தினாள். ரோசா அந்தப் பெண்களுக்கெல்லாம் தலைவி மாதிரி. அவள் வாய்க்கு ஊரே பயப்படும்.

"பயறை மோப்பான். பயறு உன் வாயை மோந்திருக்கும். கொப்பளிடி."

நவம்பரில் மாதிரிப் பொட்டலம் போயிற்று. சுத்தமான சரக்கு, அனுப்பலாம் என்று பதில் வந்தது. ஏர்மெக் அன்றைக்கே டிராக்டருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். முகமெல்லாம் கரி பூசிக்கொண்டு எழுந்து வந்து, "அம்மா, பச்சைப் பெயின்ட்டா, நீலப் பெயின்ட்டா?" என்று கேட்டான். "எனக்கென்னடா தெரியும்," என்று சொல்லிவிட்டு மாட்டுக் கொட்டகைக்குள் போய்த் தனியாக நின்று சிரித்தாள். எத்தனையோ வருஷமாயிற்று அவள் அப்படிச் சிரித்து.

லாரி வர ஐந்து நாள் இருக்கும்போதுதான் ஜீபார் செத்தாள்.

ஜீபார் சைராகுலோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். மூன்று மாதமாகத் தலைவலி, தலைவலி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். டாக்டரிடம் போ என்றால், பயறு முடியட்டும் என்பாள். அன்று காலை பொறுக்குகிற மேசையில், "கொஞ்சம் தலை சாய்ச்சுக்கறேன்," என்று சொல்லிப் பயற்றுக் குவியல்மேல் நெற்றியை வைத்தாள். "தூங்கினா கூலி கெடையாது தாயே," என்று ரோசா கிண்டல் பண்ணினாள். ஜீபார் பதில் சொல்லவில்லை. தூக்கிப் பார்த்தபோது நெற்றியில் ஏழெட்டுப் பயறு பதிந்த தடம் இருந்தது. குளிப்பாட்டிப் புதைக்கும்வரை அது மறையவே இல்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் பெண்கள் கிடங்கு வாசல்வரை வந்தார்கள். நாற்பது பேர். உள்ளே கால் வைக்கவில்லை.

"என்னடி, ஊர்வலமா? லாரி வர மூணு நாள்தான் இருக்கு. பொறுக்காத சரக்கு இன்னும் பத்து டன் கெடக்கு," என்றாள் சைராகுல்.

"உள்ள வர மாட்டோம் அக்கா," என்றாள் ரோசா. அவள் குரல் அன்று வழக்கம்போல இல்லை. "ஜீபார் இன்னும் உள்ளதான் நிக்கிறா. பசியோட நிக்கிறா. அவ விழுந்த எடத்துல எண்ணெய் காயவெச்சு ஏழு போர்சோக் பொரிச்சு வாடை காட்டணும். அப்பத்தான் போவா."

"எண்ணெய்ச் சட்டியா? இந்தக் கதவுக்குள்ளயா? என் பொணத்தைத் தாண்டி வையி."

"ஏன், உன் புருஷனுக்கு மட்டும் வாராவாரம் காட்டறியே? அவ வயித்துக்குப் பசிக்காதா?"

அது சுருக்கென்று தைத்தது. சைராகுல் இடுப்புச் சாவியைப் பிடித்துக்கொண்டாள். ஜீபாரின் பசியை அவள் நம்பாமல் இல்லை. பயற்றுக்குள் எண்ணெய் வாடை எப்படி ஏறும் என்பதும் அவளுக்குத் தெரியும். யாரை விடுவது?

"அடியே, கேளுங்க. எண்ணெய் என் வீட்டுல காயட்டும். ஜீபார் பேரைச் சொல்லி ஏழு இல்ல, எழுபது பொரிக்கறேன். இங்க உள்ள எண்ணெய் வேண்டாம். அர்ச்சா மட்டும் போடுவோம். சுத்தமா, ஒரு வாடையும் இல்லாம."

ரோசா மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். "பேருக்கு ஒரு கிள்ளு போட்டு ஏமாத்தக் கூடாது."

"மூணு சட்டி வெக்கிறேன். விடிய விடிய. போதுமா?"

"போதும்."

பனிக்கோட்டுக்குக் கீழே பாறையில் முளைக்கிற முள்ளிலை மரம் அர்ச்சா. அதன் காய்ந்த தழையைத் தணலில் போட்டால் வெள்ளையாகப் புகையும். குழந்தை பிறந்தால் அந்தப் புகை. குழந்தை ராத்திரி அழுதால் அந்தப் புகை. புதுப்பெண் வந்தால், பசு கன்று போட்டால், பிணம் வீட்டை விட்டுப் போனால், யாராவது பொல்லாத கண் வைத்துவிட்டுப் போனால், எல்லாவற்றுக்கும் அதுதான். சைராகுல் பிறந்த முதல் மணி நேரத்தில் அவள் மூக்கில் ஏறியது அம்மாவின் பால் வாடைகூட இல்லை, அந்தப் புகைதான். அதற்கு ஒரு வாடை உண்டு என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. சொல்ல ஊரில் யாருக்குத் தெரியும்?

அன்று சாயங்காலம் மூன்று இரும்புச் சட்டியில் தணல் அள்ளி, தழையைக் குவித்து, "போ, எல்லாப் பீடையும் போ, ஜீபார் கண்ணு, நீயும் நல்லபடியா போ," என்று சொல்லிக்கொண்டு மூட்டைகளைச் சுற்றி மூன்று தரம் நடந்தாள். பெண்கள் வாசலில் நின்று அழுதார்கள். பிறகு சட்டிகளை மூலைக்கொன்றாக வைத்துக் கதவைச் சாத்தினாள். காலையில் திறந்தபோது புகை எல்லாம் அடங்கியிருந்தது. பெண்கள் மளமளவென்று உள்ளே வந்து உட்கார்ந்தார்கள், லாரி வருவதற்குள் பத்து டன்னையும் முடித்தார்கள். சொன்னபடி சைராகுல் வீட்டில் எழுபது போர்சோக் பொரித்தாள். எல்லாம் சரியாகத்தான் நடந்தது.

லாரி வந்த அன்று பெர்மெத் கையில் படிவத்தோடு நின்றாள்.

"அக்கா, ஒவ்வொண்ணா கேக்கறேன், பாத்துச் சொல்லுங்க. பூச்சிமருந்து அடிச்சீங்களா?"

"இல்ல."

"எலிக்கு ஏதாவது வெச்சீங்களா? உள்ள யாராவது சிகரெட் பிடிச்சாங்களா? அடுப்பு மூட்டினாங்களா?"

"எவனாவது மூட்டிருவானா? நான் செத்தா போயிட்டேன்?"

"ஏதாவது வாடை?"

சைராகுல் இந்தக் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நானூறு மூட்டை. ஒவ்வொன்றின் பக்கமும் போய் நின்று மோந்தாள். நடுநடுவே சிலவற்றை அவிழ்த்து முகத்தை விட்டு இழுத்தாள். முடிக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. டிரைவர் முணுமுணுத்தான். பெர்மெத்தும் ஏழெட்டு மூட்டையை மோந்து பார்த்தாள்.

"தண்ணி மாதிரி இருக்கு. ஒரு வாடையும் கெடையாது," என்றாள் சைராகுல்.

"எனக்கும் ஒண்ணும் தெரியல," என்றாள் பெர்மெத். சைராகுல் கையெழுத்துப் போட்டாள். அவள் பொய் சொன்னாள் என்று பிற்பாடு சில நாக்குகள் பேசின. அந்த நாக்குகளில் புழு வைக்க. அவள் வாழ்நாளில் அதைவிட நேர்மையாக ஒரு காரியம் செய்ததில்லை.

லாரி கசாக்குகளின் எல்லையைத் தாண்டிற்று, ருஷ்யாவைத் தாண்டிற்று. லாரி எங்கே போகிறது என்று ஏர்மெக் தினமும் போனில் பார்த்துச் சொல்வான். "அம்மா, உன் மருமக இன்னிக்கு போலந்துல இருக்கா." டிராக்டருக்கு நீலப் பெயின்ட் வாங்கி வந்துவிட்டான். குளிரில் பெயின்ட் பிடிக்காது என்றால், "முன் மூக்குக்கு மட்டும் அடிச்சுப் பாக்கறேன்," என்று அடித்தான். அது திட்டுத்திட்டாக ஒட்டியது. அவள் அதைத் தினம் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

ஜனவரிக் கடைசியில் கடிதம் வந்தது. எசென்பெக் எல்லோரையும் கிடங்குக்குக் கூப்பிட்டார். பெர்மெத் படித்தாள். சரக்கு முழுக்கப் புகை வாடை, பிசின் வாடை. சோதனைச் சாலையிலும் அது உறுதியாகியிருக்கிறது. மனிதர் உண்ணத் தகுதியில்லை. மாட்டுத் தீவனத்துக்குத் தள்ளிவிட்டோம். மேற்கொண்டு ஒப்பந்தம் கிடையாது.

"புகையா? எந்தப் புகை?" என்று கேட்டாள் சைராகுல். நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை.

ஊர் கொதித்தது. டிரைவர் சிகரெட் பிடித்திருப்பான் என்றான் ஒருத்தன். ஜெர்மன்காரன் விலையைக் குறைக்கப் போடுகிற நாடகம் என்றான் இன்னொருத்தன். "எங்க சைராகுல் அக்கா மோந்து விட்ட சரக்குடா அது! அவன் மூக்கு என்ன பெரிய மூக்கா?" என்று ரோசாவே எழுந்து கத்தினாள். சைராகுலுக்குக் கண் கலங்கிவிட்டது. எங்களுக்கே ஒரு பொட்டலம் திருப்பி அனுப்புங்கள், பார்க்கிறோம் என்று பெர்மெத் எழுதிப் போட்டாள்.

பொட்டலம் பத்து நாளில் வந்தது. மறுபடி எல்லோரும் கூடினார்கள். எசென்பெக் அதைப் பிரித்து ஒரு கிண்ணத்தில் கொட்டி, முதலில் தான் மூன்று தரம் மோந்தார். உதட்டைப் பிதுக்கிப் பக்கத்து ஆளிடம் கொடுத்தார். கிண்ணம் கை கையாகப் போயிற்று. அறுபது எழுபது பேர் மூக்கை உள்ளே விட்டு எடுத்தார்கள். ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியவில்லை. "ஜெர்மன்காரன் வாடைதான் அடிக்குது," என்று ஏர்மெக் சொல்ல, அந்த நிலைமையிலும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கடைசியாகச் சைராகுல் வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள். தேறின பயறு. வேறொன்றும் இல்லை.

"திருட்டுப் பசங்க," என்றாள்.

அந்த நேரம் பார்த்து ஹாலித் வாசலில் வந்து நின்றார். பத்து வருஷமாக அந்த ஊரில் பயறு வாங்கும் துருக்கிக்காரர். இரக்கப்பட வந்தாரா, வேடிக்கை பார்க்க வந்தாரா, அது அவருக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். யாரோ விளையாட்டாகக் கிண்ணத்தை அவர் கையில் கொடுத்தார்கள். அவர் மூக்குக்குக் கொண்டுபோகக்கூட இல்லை. மார்புவரை வந்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அர்ச்சா," என்றார்.

எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"என்ன இப்படிப் பாக்கறீங்க? தெரியலையா உங்களுக்கு? அட, உங்க வீட்டுக்குள்ள காலெடுத்து வெச்சாலே இந்த வாடைதானே! கோட்டு, விரிப்பு, பிள்ளைங்க தலை, எல்லாத்துலயும் இதான். மொத வருஷம் எனக்குத் தலைவலியே வந்துரும். ஊருக்குப் போனா என் பொண்டாட்டி பெட்டிய வாசல்லயே வெச்சுத் தொறப்பா."

"இத்தன வருஷம் ஏன் சொல்லல?" என்றார் எசென்பெக்.

"விருந்தாளி போற வீட்டு வாடையப் பத்திப் பேசுவானா? எனக்கு வித்த பயறுல அது இருந்ததில்ல. இதுலதான் இருக்கு. எவனோ கிடங்குக்குள்ள மூட்டம் போட்டிருக்கான்."

சைராகுலின் கை தானாக இடுப்புச் சாவிக்குப் போயிற்று. மூன்று சட்டி. விடிய விடிய. கிண்ணத்தை மறுபடி வாங்கி மோந்தாள், இன்னொரு தரம் மோந்தாள். அப்போதும் ஒன்றும் தெரியவில்லை. தெரியவில்லையே என்பதுதான் அவளுக்குப் பெரிய பயமாக இருந்தது. ஐம்பது வருஷமாக நம்பி நடந்த கால் ஒன்று தன் கால் இல்லை என்று யாரோ சொன்னது போல இருந்தது.

"நான்தான் போட்டேன்," என்றாள்.

"நீயா அக்கா?" என்றார் எசென்பெக். "உன் மூக்கை நம்பித்தானே ஊரே..."

அந்த நாற்பது பெண்களும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். நாற்பது பேரும் தரையைப் பார்த்தார்கள். ஒருத்தி, ஒரே ஒருத்தி எழுந்து, நாங்கள்தான் கேட்டோம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாக்கு அறுந்தா போயிருக்கும்? ரோசா தலைத்துணியின் நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள். சைராகுலும் யார் பேரையும் சொல்லவில்லை. ஜீபார் பேரையும் சொல்லவில்லை. சொன்னால் செத்தவள் தலையில் போய் விழும், அவள் பிள்ளைகள் அதே ஊரில் வளர வேண்டும். சாவியை அவிழ்த்து மேசைமேல் வைத்தாள். பதினோரு வருஷம் தொங்கிய இடத்தில் பாவாடை தேய்ந்து வெளுத்திருந்தது.

வெளியே வந்தபோது ஏர்மெக் சுவரோரம் நின்றுகொண்டிருந்தான். அம்மாவின் கையைப் பிடித்து வழுக்கும் பனியில் வீடுவரை கூட்டிக்கொண்டு போனான். டிராக்டரைத் தாண்டும்போது இரண்டு பேரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"புதன்கிழமை பஸ் இருக்கும்மா," என்றான் சாப்பிட்டு முடித்ததும்.

அழக் கூடாது என்று பேசியிருந்தபடியால் அவள் அழவில்லை.

அடுத்த வாரத்தில் மிச்சமிருந்த பயறுக்கு ஹாலித் புது விலை சொன்னார். பழைய விலையைவிடக் குறைவு. எல்லோரும் வாயை மூடிக்கொண்டு கொடுத்தார்கள். கடையில் சைராகுல் நுழைந்தால் பேச்சு நின்றது. சைராகுல் அதற்கெல்லாம் அசரவில்லை. அவளுக்குப் புதன்கிழமை ஒன்றுதான் கண்ணில் நின்றது.

புதன்கிழமை காலை ஏர்மெக் ரொட்டியின் ஓரத்தை ஒரு கடி கடித்து அவளிடம் கொடுத்தான். ஊரை விட்டுப் போகிறவன் திரும்பி வந்து மிச்சத்தைத் தின்ன வேண்டும், அதுவரை அது சுவரில் தொங்கும். அவன் அப்பா கடித்த ரொட்டியும் அப்படித்தான் தொங்கிற்று, கல்லாகிப்போய். அதை யார் எப்போது எடுத்தார்கள் என்று அவளுக்கு நினைவில்லை. பதினெட்டு வருஷமாக ஆணியில் தொங்கிய அப்பாவின் ஆட்டுத்தோல் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான்.

"புகை போடும்மா, பஸ்சுக்கு நேரமாச்சு."

"வேண்டாம்டா."

"ஏன்?"

"ஏன்னு உனக்குத் தெரியாதா? என் கையால போட்டது போதும்."

"நான் என்ன பயறாம்மா? எந்த ஜெர்மன்காரன் என்னை மோந்து பாக்கப் போறான்?" அவன் சிரித்துக்கொண்டே சொன்னாலும், புகை போடாமல் வாசலைத் தாண்ட அவனுக்கும் பயம் என்பது அவளுக்குத் தெரிந்தது. அப்பா போன அன்று விடிகாலை பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் புகை போட மறந்திருந்தாள். இதை அவர்கள் இருவரும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

தணல் எடுத்துத் தழையைப் போட்டாள். அவன் தலையை, தோளை, கோட்டின் கைகளை, பையை, காலடியைச் சுற்றி மூன்று தரம் சட்டியைக் கொண்டுபோனாள். "போ, எல்லாப் பீடையும் போ. என் பிள்ள முழுசா வரட்டும்." ஒரு குறையும் வைக்கவில்லை. அவன் இருமிக்கொண்டே, "போதும்மா, என்னையும் மாட்டுத் தீவனத்துக்குத் தள்ளிருவானுங்க," என்றான்.

இரண்டாம் வியாழக்கிழமை அவன் போன் வந்தபோது அவள் அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது.

"எப்படிடா இருக்கு? குளிரா?"

"மைனஸ் பதினெட்டும்மா. பரவாயில்ல. ஒரே ரூம்ல பன்னண்டு பேரு, மூச்சுச் சூடே போதும்."

"கோட்டைப் போட்டுக்கோ."

அவன் கொஞ்சம் தயங்கினான். பிறகு சிரித்தான். "கோட்டு இல்லம்மா. நீ திட்டக் கூடாது. ரூம்ல எல்லாம் வேற வேற ஊர்க்காரனுங்க. எரிஞ்ச காடு மாதிரி நாத்தம் அடிக்குது, கொண்டுபோய் வெளிய மாட்டுன்னு மொத நாளே சொல்லிட்டானுங்க. நானும் மோந்து மோந்து பாத்தேன், எனக்கு ஒண்ணும் தெரியல. மாடிப்படி ஆணியில மாட்டினேன். காலைல காணோம்."

"அப்ப எதைப் போட்டுக்கிட்டு வேலைக்குப் போற?"

"ரெண்டு சட்டை. மேல காத்து கொஞ்சம் ஜாஸ்தி, அவ்வளவுதான். வெரல்தான் மரத்துப்போகுது, கம்பியப் பிடிக்க வர மாட்டேங்குது."

"மேலன்னா? எத்தனாவது மாடிடா?"

"மாடியெல்லாம் கேக்காதம்மா," என்றான். பிறகு வேறு என்னவோ வேடிக்கையாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

அவள் எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்தாள். சுவரில் அவன் கடித்த ரொட்டி தொங்கியது. நிலைப்படிக்கு மேலே செருகியிருந்த அர்ச்சாக் கொத்தை உருவி எடுத்து, மூட்டைக்குள் முகத்தை விடுவது போல அதற்குள் முகத்தைப் புதைத்து, கண்ணை மூடிக்கொண்டு, நெஞ்சு நிறைய இழுத்தாள். காய்ந்த எண்ணெய் தெரிந்தது. புளித்த மாவு தெரிந்தது. வெளியே சாணியும், ஈரக் கம்பளியும், மூன்றாம் வீட்டில் யாரோ பற்றவைத்த நிலக்கரியும் தெரிந்தன. இன்னொரு தரம் இழுத்தாள். முள்ளிலை கன்னத்தில் குத்திற்று. அதன் வாடை மட்டும் அவளுக்குத் தெரியவே இல்லை.